போகாத இரண்டாம் நிறம்: விகிதமுறு எண்களில் ஒரு நிகழ்வு ஆய்வு

விகிதமுறு எண்களை, அதாவது பின்னங்களை, ஜோடி ஜோடியாக எடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் சிவப்பு அல்லது நீலம் பூசுகிறோம். எப்படிப் பூசியிருந்தாலும், பின்னங்களைப் போலவே நெருக்கமாக அடுக்கப்பட்ட ஓர் உட்கணத்தைப் பொறுக்கி எடுத்து, அதற்குள் ஒரே நிறம்தான் இருக்கும்படி செய்துவிட முடியுமா? முடியாது. சரி, இரண்டுக்குப் பதிலாக நூறு நிறம் பூசினால்? அப்போது பொறுக்கும் விதமாகப் பொறுக்கினால் இரண்டே இரண்டு நிறம் மிஞ்சும்படி செய்துவிடலாம். ஆனால் அந்த இரண்டை ஒன்றாக்கும் வழி பொதுவாக இல்லை.

நூறானாலும் ஆயிரமானாலும் மிஞ்சுவது இரண்டு. ஏன் ஒன்று இல்லை, ஏன் மூன்று இல்லை என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வு. பார்க்கச் சின்னப் புதிர்போல இருக்கும். விடையைத் தேடிப் போனால் முடிவிலா மரங்கள் வரும், ஃபோர்சிங் என்ற கணக்கோட்பாட்டு முறை வரும், பள்ளியில் படித்த டேன் சார்புகூட வந்து நிற்கும்.

ராம்சே போட்ட அடித்தளம்

கதை ஃபிராங்க் ராம்சேயிடம் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் இருந்த அவர் தர்க்கவியலில் ஒரு கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார்: ஒரு வாக்கியம் எப்போதும் உண்மையா என்று இயந்திரத்தனமாகத் தீர்மானிக்க ஒரு முறை இருக்கிறதா? அதில் ஒரு தனிவகையைத் தீர்க்க அவருக்கு ஒரு துணைத்தேற்றம் தேவைப்பட்டது. 1928 டிசம்பரில் அந்தக் கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. 1930-ல் அச்சில் வந்தது. அதே 1930 ஜனவரியில், 26 வயதில், ராம்சே இறந்துவிட்டார். அவர் தீர்க்க நினைத்த தர்க்கப் பிரச்சினையை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. துணைக்கு வந்த தேற்றம் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

தேற்றம் இதுதான். 0, 1, 2, 3 என்று போகும் இயல் எண்களின் ஜோடிகளுக்கு இரண்டு நிறம் பூசுங்கள். எல்லா ஜோடிகளும் ஒரே நிறத்தில் இருக்கும் ஒரு முடிவிலா உட்கணம் கட்டாயம் கிடைக்கும். நிரூபணம் இரண்டே கட்டம்தான். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எல்லாம் உடைவது இந்த இடத்தில்தான்.

முதலில் 0-ஐ எடுங்கள். மற்ற எண்கள் ஒவ்வொன்றும் 0-உடன் சிவப்பு ஜோடியாகவோ நீல ஜோடியாகவோ இருக்கும். இரண்டில் ஒரு கும்பலாவது முடிவிலாததாக இருந்தாக வேண்டும். அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியுங்கள். மிஞ்சியதில் சிறிய எண்ணை எடுத்து இதையே திரும்பச் செய்யுங்கள். இப்படியே போனால் ஓர் எண்வரிசை கிடைக்கும். அதில் ஒவ்வோர் எண்ணும் தனக்குப் பின்னால் வரும் எல்லாரோடும் ஒரே நிறத்தில்தான் பேசும். சிலது எப்போதும் சிவப்பில் பேசும், சிலது எப்போதும் நீலத்தில். இனி இரண்டாம் கட்டம்: சிவப்பில் பேசுபவை முடிவிலாமல் இருந்தால் அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீலத்தில் பேசுபவற்றை. வேலை முடிந்தது.

இதில் 'தூக்கி எறி' என்ற செயலை எத்தனை முறை கூசாமல் செய்தோம் பாருங்கள். இயல் எண்களுக்கு இது தாங்கும். அவற்றிலிருந்து எந்த முடிவிலா உட்கணத்தை எடுத்தாலும், வரிசை என்ற அளவில் அது மறுபடியும் இயல் எண்களைப் போலவே இருக்கும்: முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். பின்னங்கள் அப்படி இல்லை. அவற்றிலிருந்து கண்டபடி எறிந்தால் மிஞ்சுவது இயல் எண்களைப் போன்ற வெறும் தொடராகிப் போய்விடலாம். எந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று, இரு பக்கமும் எல்லையே இல்லை என்ற அந்தப் பின்னத்தனம் போய்விடும். அதனால் கேள்வியைத் திருத்திக்கொள்கிறோம். மிஞ்சும் உட்கணம் முடிவிலாததாக இருந்தால் மட்டும் போதாது. வரிசையைப் பொறுத்தவரை அது பின்னங்களின் முழு நகலாக இருக்க வேண்டும்.

சியர்பின்ஸ்கியின் தந்திரம்

1933-ல் வாக்லாவ் சியர்பின்ஸ்கி மெய்யெண்களுக்காக ஒரு பூச்சைக் கண்டுபிடித்தார். அதே தந்திரம் பின்னங்களுக்கும் அப்படியே செல்லும், இன்னும் எளிதாகவே.

பின்னங்களை ஒரு பட்டியலாக எழுத முடியும் என்பது தெரிந்ததுதான். எந்தப் பட்டியலானாலும் சரி: 0, 1, 1/2, -1, 2, 1/3 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு பின்னத்துக்கும் இரண்டு முகவரி. எண்கோட்டில் ஓர் இடம், பட்டியலில் ஓர் இடம். ஒரு ஜோடியில் சிறிய எண்தான் பட்டியலிலும் முன்னால் வருகிறது என்றால் சிவப்பு. பெரிய எண் பட்டியலில் முந்திக்கொண்டால் நீலம். 0-உம் 1-உம் சிவப்பு. 1-உம் 1/2-உம் நீலம், ஏனென்றால் 1 பட்டியலில் முன்னால் வந்துவிட்டது. -1-உம் 2-உம் சிவப்பு.

பின்னங்களின் ஏதோ ஒரு நகலில் எல்லா ஜோடியும் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓர் எண்ணை எடுங்கள். அதைவிடச் சிறிய எண்கள் எல்லாம் பட்டியலில் அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். பட்டியலில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு முன்னால் எத்தனை பேர் இருக்க முடியும்? எண்ணி முடிக்கக்கூடிய சிலர்தான். ஆனால் பின்னங்களின் நகலில் எந்த எண்ணுக்குக் கீழும் முடிவிலாத எண்கள் உண்டு. முரண்பாடு. எல்லாம் நீலம் என்று வைத்தாலும் இதே கதைதான். இந்தத் தடவை மேலே இருப்பவர்கள் தீர்ந்துபோவார்கள். ஆக எந்த நகலிலும் இரண்டு நிறமும் இருந்தே தீரும்.

எனக்கு இந்த நிரூபணத்தில் பிடித்தது அதன் நியாயம். சியர்பின்ஸ்கி பின்னங்களின் மேல் வெளியிலிருந்து எதையும் திணிக்கவில்லை. ஒரு முடிவிலாக் கணத்தைப் பட்டியலிட்டாலே இரண்டாவது வரிசை ஒன்று கூடவே வந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிசைகளும் ஒத்துப்போகும் இடமும் உண்டு, முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. அந்த முட்டலைத்தான் அவர் நிறமாகக் காட்டினார். போகாத நிறம் என்பது பட்டியலின் கைரேகை. பிறகு வருவதெல்லாம், என்னைக் கேட்டால், இந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

மரத்தில் ஏற்றிப் பார்த்தால்

இரண்டு நிறம் கட்டாயம் என்பது தெரிந்துவிட்டது. அந்த இரண்டுக்குமேல் எதுவும் கட்டாயம் இல்லை என்று காட்டியவர் ஃபிரெட் கால்வின். அதைப் புரிந்துகொள்ளப் பின்னங்களை எண்கோட்டிலிருந்து இறக்கி ஒரு மரத்தில் ஏற்ற வேண்டும்.

0, 1 என்ற இரண்டு குறிகளால் ஆன முடிவுள்ள தொடர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தொடர் அடியில். அதற்கு மேல் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1. அதற்கும் மேல் 00, 01, 10, 11. இப்படி ஒவ்வொரு முனையிலிருந்தும் இடமும் வலமுமாகக் கிளை பிரிந்துகொண்டே போகும் மரம். ஒரு முனையின் இடக்கிளையில் உள்ளவை எல்லாம் அதைவிடச் சிறியவை, வலக்கிளையில் உள்ளவை எல்லாம் பெரியவை என்று வரிசை வைத்தால், எந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று கிடைக்கும். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. பட்டியலிடக்கூடிய, இப்படிப்பட்ட வரிசை ஒன்றே ஒன்றுதான் என்று கேன்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். ஆகவே இந்த மரம் பின்னங்களேதான், வேறு உடுப்பில்.

இனி மரத்தைக் கழிக்கலாம். ஒரு முனை இன்னொன்றுக்குப் போகும் பாதையில் குறுக்கே நிற்காதபடியும், எந்த இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இல்லாதபடியும், கிளை பிரியும் இடங்கள்கூட வெவ்வேறு உயரத்தில் அமையும்படியும் பார்த்துப் பார்த்துச் சில முனைகளை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இப்படிக் கழித்த பின்னும் பின்னங்களின் முழு நகல் மிஞ்சும்படி செய்யலாம். இந்த நகலில் ஒரு ஜோடியை எடுத்தால் என்ன தெரிகிறது? ஓரிடத்தில் பாதை பிரிகிறது; ஒருவர் இடப்பக்கம் போகிறார், மற்றவர் வலப்பக்கம். பிறகு ஒருவர் முன்னதாக நின்றுவிடுகிறார், மற்றவர் இன்னும் உயரம் போய் நிற்கிறார். முன்னதாக நிற்பவர் இடவரா வலவரா என்பதைத் தவிர வேறு தகவலே இல்லை. இரண்டே வடிவம்.

உயரத்தைப் பட்டியலில் உள்ள இடமாக எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு வடிவமும் சியர்பின்ஸ்கியின் சிவப்பும் நீலமும்தான். கால்வினின் முடிவை இப்படியும் சொல்லலாம்: யார் எத்தனை நிறம் பூசினாலும், மரத்தை இன்னும் சாமர்த்தியமாகக் கழித்து, நிறம் வடிவத்தை மட்டும் பார்த்து அமையும்படி செய்துவிடலாம்.

பதினாறு எங்கிருந்து வந்தது

ஜோடிக்குப் பதில் மூன்று மூன்றாக எடுத்துப் பூசினால் மிஞ்சும் நிறங்கள் 16. நான்கு நான்காக எடுத்தால் 272. இந்த 16-ஐ முதலில் பார்த்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். ஒற்றை எண்களுக்கு 1, ஜோடிகளுக்கு 2 என்று போன வரிசை திடீரென்று 16-க்குத் தாவுமா? கையால் எண்ணிப் பார்த்தபோதுதான் சந்தேகம் தீர்ந்தது. இதை யாரும் எண்ணிப் பார்க்கலாம்.

கழித்த மரத்தில் மூன்று முனைகளை எடுங்கள். பாதைகள் இரண்டு இடத்தில் பிரிய வேண்டும். அடியில் உள்ள பிரிவில் ஒரு பக்கம் ஒருவர் தனியாகப் போகிறார், இன்னொரு பக்கம் இருவர் சேர்ந்து போகிறார்கள். தனி ஆள் இடமா வலமா என்பதற்கு 2 வாய்ப்பு. அடிப் பிரிவுக்கு மேல் இன்னும் நான்கு நிகழ்ச்சிகள் பாக்கி: தனி ஆள் நிற்பது, இருவரும் பிரிவது, அவர்களில் இடவர் நிற்பது, வலவர் நிற்பது. எல்லாம் வெவ்வேறு உயரத்தில். நான்கு நிகழ்ச்சிகளை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். ஆனால் இருவரும் பிரிந்த பிறகுதானே நிற்க முடியும்? அந்த மூன்று நிகழ்ச்சிகளில் பிரிவு முதலில் வரும் வரிசைகள் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8. ஆக 2 × 8 = 16.

நான்குக்கும் இதே கணக்குதான். அடிப் பிரிவில் ஒன்று-மூன்று, இரண்டு-இரண்டு, மூன்று-ஒன்று என்று பிரியலாம். ஒன்று-மூன்று என்றால், மூவர் கட்சிக்கு 16 வடிவம், அதன் ஐந்து நிகழ்ச்சிகளுக்கு இடையே தனி ஆளின் ஒரு நிகழ்ச்சியைச் செருக 6 இடம்: 96. இரண்டு-இரண்டு என்றால், இரு கட்சிக்கும் தலா 2 வடிவம், மூன்று மூன்று நிகழ்ச்சிகளைக் கலக்க 20 வழி: 80. மூன்று-ஒன்றுக்கு மறுபடியும் 96. கூட்டினால் 272.

இன்னொரு வேடிக்கை. டேன் சார்பைத் தொடராக விரித்து, ஒற்றைப்படை அடுக்குகளின் கெழுக்களை முறையே 1!, 3!, 5!, 7! ஆல் பெருக்கினால் 1, 2, 16, 272 வரும். அடுத்தது 7936, ஐந்து ஐந்தாகப் பூசினால் மிஞ்சுவதும் அதுவே. தற்செயல் இல்லை. டேன் சார்பின் கெழுக்களும் இதே 'கிளை பிரி, கட்சிகளைக் கலக்கு' என்ற விதிப்படிதான் பிறக்கின்றன. அதன் வகைக்கெழு, தன்னுடைய வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டியது. அந்த வர்க்கம்தான் இடக்கட்சி, வலக்கட்சி.

எத்தனை பேரை எடுத்தாலும் மிஞ்சும் நிறங்கள் முடிவுள்ளவை என்பதை ரிச்சர்ட் லேவர் முன்பே அறிந்திருந்தார், அதை வெளியிடவில்லை. சரியான எண்ணிக்கையைக் கண்டு எழுதியது டெனிஸ் டெவ்லின், 1979-ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில். இப்படிப்பட்ட எண்ணுக்கு இன்று 'பெரிய ராம்சே அளவு' என்று பெயர்.

கணக்கோட்பாடு உள்ளே வரும் இடம்

'மரத்தை இன்னும் சாமர்த்தியமாகக் கழித்து' என்று மேலே போகிற போக்கில் சொல்லிவிட்டேன். உண்மையான பாரம் அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. அதைத் தாங்குவது 1966-ல் ஹால்பெர்னும் லாய்க்லியும் வெளியிட்ட தேற்றம். சில மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரே உயரத்தில் ஒரு முனையை எடுத்து ஒரு கோவை ஆக்கி, அந்தக் கோவைகளுக்கு நிறம் பூசுகிறோம். அப்போது எல்லா மரங்களையும் ஒரே உயரங்களில் கழித்து, அந்த உயரங்களில் கிளை பிரியும் வளம் குறையாமல், எல்லாக் கோவைகளும் ஒரே நிறமாக இருக்கும்படி செய்யலாம். இதிலிருந்து 1979-ல் மில்லிகன், ஒற்றை மரத்துக்குள் இருக்கும் வடிவங்களுக்கான தேற்றத்தைக் கட்டினார். ஜோடி, மும்மூன்று எல்லாம் அங்கிருந்துதான் விழுகின்றன.

ஹால்பெர்ன், லாய்க்லி இருவருக்கும் பின்னங்களின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. எத்தனை கணங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வது தேர்வு அடிகோள். அதைவிட வலுக் குறைந்த ஒரு கூற்றிலிருந்து அந்த அடிகோளை வருவிக்க முடியாது என்று காட்டும் திட்டத்துக்குத் தேவைப்பட்டதால்தான் இந்த மரத் தேற்றம் பிறந்தது. ராம்சேயின் கதைபோலவே இங்கும் துணைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

முதல் நிரூபணம் படிக்கக் கடினம். பிறகு லியோ ஹாரிங்டன் ஒரு வழி சொன்னார். அவரும் அதை வெளியிடவில்லை, மற்றவர்கள் எழுதிவைத்ததால் பரவியது. இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன்.

ஃபோர்சிங் என்பது 1963-ல் பால் கோஹன் கண்டுபிடித்த முறை. கணங்களின் பிரபஞ்சத்தில் இல்லாத ஒரு புதிய பொருளை, முடிவுள்ள வாக்குறுதிகள் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக விவரித்து உள்ளே கொண்டுவருவது. இன்ன பொருள் இன்ன இடம்வரை இப்படி இருக்கும் என்பது ஒரு வாக்குறுதி. அதற்கு மேல் என்ன ஆகும் என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. ஹாரிங்டன் செய்தது, ஒவ்வொரு மரத்திலும் அடி முதல் முடிவிலிவரை ஏறும் புதிய பாதைகளை மிக மிக அதிகமாகச் சேர்ப்பதாகக் கற்பனை செய்வது. மரத்துக்கு ஒரு பாதை என்று ஒரு கோவையை எடுத்தால், உயரம் ஏற ஏற அது வெவ்வேறு நிறங்களைக் காட்டும். அதில் 'பெரும்பாலும்' எந்த நிறம் என்று தீர்மானிக்கும் ஒரு கருவியையும் ஃபோர்சிங் மொழியில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒவ்வொரு கோவைக்கும் அதன் நிறத்தை உறுதிசெய்யும் ஒரு முடிவுள்ள வாக்குறுதியைத் தேர்ந்தெடுக்கிறோம்.

சிக்கல், வாக்குறுதிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். இங்கேதான் எர்டோஷும் ராடோவும் 1956-ல் தந்த தேற்றம் கைகொடுக்கிறது. போதுமான அளவு பிரம்மாண்டமான கணத்தின் ஜோடி, மும்மூன்று போன்றவற்றுக்கு, எண்ணிடத்தக்க (அதாவது பட்டியலிடக்கூடிய) பல நிறங்களைப் பூசினால்கூட ஒரே நிறமான, எண்ணிடத்தகாத (பட்டியலில் அடங்காத) உட்கணம் உண்டு. புதிய பாதைகளை அவ்வளவு பிரம்மாண்டமாகச் சேர்த்திருப்பதால், ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒத்த வாக்குறுதிகள் கொண்ட பாதைகள் வேண்டுமளவு கிடைக்கும். ஒத்தவை என்பதால் அவற்றைச் சண்டையில்லாமல் ஒன்றாகச் சேர்க்கலாம். சேர்த்து, நிறம் உறுதியான ஓர் உயரத்தைக் கண்டுபிடித்து, கழித்த மரத்தின் அடுத்த அடுக்கை அங்கே கட்டலாம்.

கவனிக்க வேண்டியது, கடைசியில் அந்தப் புதிய பாதைகள் எதுவும் தேவைப்படுவதே இல்லை. பிரபஞ்சத்தைப் பெரிதாக்கவும் இல்லை. வாக்குறுதிகள் எல்லாம் முடிவுள்ளவை, நம்மிடம் ஏற்கெனவே இருப்பவை. ஃபோர்சிங் இங்கே, வரம்பில்லாத ஒரு தேடல் எங்கோ ஓரிடத்தில் முடிந்தே தீரும் என்பதற்குப் பிணையாக மட்டும் நிற்கிறது. பட்டியலிடக்கூடிய ஒரு மரத்தில் ஒரு கிளையைக் கண்டுபிடிக்க, மெய்யெண்களையெல்லாம் தாண்டி நிற்கும் கணத்தைக் கூப்பிட்டு அனுப்பிவிடுகிறோம். சிலருக்கு இது அதிகப்படியாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கையால் எடுத்தாலும் கிளை கிளைதான்.

எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் இல்லை

முடிவிலி என்றாலே ஒழுங்கு தானாக வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எதிர்ச் சாட்சிகள் வலுவானவை. மிகச்சிறிய எண்ணிடத்தகாத கணத்தின் ஜோடிகளுக்கு அந்தக் கணத்தின் அளவே உள்ள நிறங்களைப் பூசி, எண்ணிடத்தகாத எந்த உட்கணத்தை எடுத்தாலும் எல்லா நிறமும் உள்ளே தெரியும்படி செய்யலாம் என்று ஸ்டெவோ தொடார்செவிச் 1987-ல் காட்டினார். ஒரு நிறத்தைக்கூட ஒழிக்க முடியாது.

ஜோடிகளை விட்டுவிட்டு முடிவிலா உட்கணங்களுக்கே நிறம் பூசினாலும் கதை கெடும். இயல் எண்களின் முடிவிலா உட்கணங்களில், முடிவுள்ள சில எண்களில் மட்டும் வேறுபடுபவற்றை ஒரே குடும்பமாகச் சேருங்கள். தேர்வு அடிகோளைக் கொண்டு குடும்பத்துக்கு ஒரு தலைவரை நியமியுங்கள். தலைவரிடமிருந்து இரட்டைப்படை எண்ணிக்கையில் வேறுபட்டால் சிவப்பு, ஒற்றைப்படை என்றால் நீலம். இனி எந்தக் கணத்திலிருந்தும் ஒரே ஓர் எண்ணை எடுத்துவிட்டால் நிறம் மாறிவிடும். ஒரே நிறமாக்க வழியே இல்லை. ஆனால் இதைச் செய்யத் தலைவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நியமிக்க வேண்டியிருந்தது. பூச்சை வரையறுத்துச் சொல்லக்கூடிய போரெல் கணங்களுக்குள் வைத்துக்கொண்டால் ஒழுங்கு திரும்பி வந்துவிடும் என்பது கால்வினும் பிரிக்ரியும் 1973-ல் தந்த முடிவு.

முக்கோணம் இல்லாத கோட்டுரு

பின்னங்களின் கணக்கு முடிந்ததும், இயல்பாகவே அடுத்த கட்டமைப்புகளின் பக்கம் கண் போனது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்டதைக் கோட்டுரு என்பார்கள். பட்டியலிடக்கூடிய புள்ளிகள் கொண்ட எல்லாக் கோட்டுருக்களையும் தனக்குள் வைத்திருக்கும் ஒன்று உண்டு: ராடோ கோட்டுரு. அதன் இலக்கணம் எளிது. முடிவுள்ள இரண்டு தனித்தனிக் கும்பல்களைக் காட்டினால், முதல் கும்பலில் எல்லாரோடும் இணைந்து, இரண்டாவதில் யாரோடும் இணையாத ஒரு புள்ளி இருக்கும்.

இதன் புள்ளிகளுக்கு இரண்டு நிறம் பூசினால் ஒரு நிறத்திலேயே முழு நகல் கிடைத்துவிடும். சிவப்புப் புள்ளிகளுக்குள் நகல் இல்லையென்றால், ஏதோ இரண்டு சிவப்புக் கும்பல்களுக்குச் சிவப்பில் சாட்சி, அதாவது மேலே சொன்ன மாதிரியான புள்ளி, கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் அவற்றின் சாட்சிகள் எல்லாம் நீலம். அந்தச் சாட்சிகள் மட்டுமே சேர்ந்து இன்னொரு ராடோ கோட்டுரு ஆகிவிடுகிறார்கள். மூன்று வரி. கோடுகளுக்குப் பூசினால் மறுபடியும் நம் பழைய இரண்டு: ஒழிக்க முடியாத பூச்சை 1975-ல் எர்டோஷ், ஹாய்னல், போசா மூவரும் காட்டினார்கள், இரண்டே போதும் என்பதை 1996-ல் பூசேயும் சாவரும். காரணமும் பழையதே. புள்ளிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் 'முந்தியவர்களில் யாரோடு கோடு, யாரோடு இல்லை' என்ற 0-1 தொடராக எழுதினால் கோட்டுரு மரத்தில் ஏறிவிடும். முன்னதாக நிற்பவர் இடவரா, வலவரா?

ஹென்சன் 1971-ல் விவரித்த கோட்டுருக்களில்தான் வண்டி நின்றது. அவற்றில் எளியது, மூன்று புள்ளிகள் ஒன்றுக்கொன்று இணைந்த முக்கோணம் எங்குமே இல்லாத, மற்றபடி எல்லாம் உள்ள கோட்டுரு. புள்ளிகளுக்கான விடை கோம்யாத், ரோடல் இருவரால் 1986-ல் வந்தது. கோடுகளுக்கு 2 என்பதை 1998-ல் சாவர் தந்தார். அதற்கு மேல் பல ஆண்டுகள் நகரவில்லை. ஏனென்றால் இங்கே மரம் தாராளமாகக் கிளை விடாது. ஒரு புள்ளியோடு இருவர் ஏற்கெனவே கோடு போட்டுவிட்டால் அந்த இருவருக்கும் நடுவே இனி கோடு கூடாது; போட்டால் முக்கோணம். மில்லிகன் தேற்றம் கேட்கும் வளமான மரம் கையில் இல்லை.

நடாஷா டோப்ரினன் செய்தது, எந்த முனைகள் உண்மையில் புள்ளிகளைக் குறிக்கின்றன என்பதை மரத்திலேயே அடையாளமிட்டு, அந்த அடையாளங்களோடு சேர்த்தே கழிக்கும் முறையை உருவாக்கியது. குறிமுனை மரங்கள் என்று சொல்லலாம். அவற்றுக்கு ஹால்பெர்ன்-லாய்க்லி போன்ற ஒரு தேற்றம் வேண்டும். அதற்கு ஹாரிங்டனின் ஃபோர்சிங் வழியைப் புதிதாகத் தைத்து மாட்டினார். குறிமுனை உள்ள அடுக்குக்கு ஒரு விதமாகவும் கிளை பிரியும் அடுக்குக்கு வேறு விதமாகவும் வாக்குறுதிகளை அமைக்க வேண்டியிருந்தது. முடிவுள்ள எந்த வடிவத்துக்கும் மிஞ்சும் நிறங்கள் முடிவுள்ளவை என்ற முடிவு 2020-ல் அச்சில் வந்தது. பிறகு யான் ஹூபிச்கா, ராம்சே வகையைச் சேர்ந்த கார்ல்சன்-சிம்ப்சன் தேற்றத்தைக் கொண்டு ஃபோர்சிங் இல்லாமலே, வியக்கத்தக்க அளவு சுருக்கமாக, இதே முடிவை எட்டினார். முதலில் போனவர் காட்டை வெட்டினார், அடுத்தவர் நடைபாதை போட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான எண்ணிக்கைக்கு வருவோம். முக்கோணமில்லாக் கோட்டுருவில் கோட்டால் இணைந்த ஜோடிக்கு அளவு 2. இணையாத ஜோடிக்கு 5. ராடோ கோட்டுருவில் இரண்டுக்குமே 2 தான். இந்தக் கூடுதலின் வேர் மரத்தில் தெரியும். இரண்டு பாதைகள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. ஏதோ ஓர் உயரத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர், அதாவது இருவரோடும் கோட்டால் இணைந்த ஒரு புள்ளி, முதன்முறையாக அமைகிறார். அந்த நொடியிலிருந்து இவர்களுக்குள் கோடு சாத்தியமே இல்லை. பின்னங்களின் மரத்தில் இப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாது. அங்கே பிரிவதும் நிற்பதும்தான். இங்கே பிரிவது, கதவு மூடுவது, நிற்பது என்று மூன்று. கோடு உள்ள ஜோடிக்கு அந்தக் கதவு கடைசிவரை திறந்தே இருந்திருக்க வேண்டும், அதனால் அது 2-லேயே நின்றுவிடுகிறது.